உடம்படுமெய்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் பெரியவர் ஒருவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவருடைய பேரன் என்னிடம் பயிலும் மாணவன். பெரியவர் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பைக்குள் மற்றொரு பை. அதற்குள் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்புத்தோறும் கிழிந்துபோன ஒரு தாள். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீடும் மாடும் கைவிட்டுப் போகவும், இந்த ஒரு தாளை மட்டும் மடியிற் கட்டிக்கொண்டு நடந்தவர் அவர்.

"வாத்தியார், இது எங்கடை காணி உறுதி. இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

வாசித்தேன். அஃது உறுதி அன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவர்தம் தந்தையார்க்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். அந்நிலத்தில் இருக்கலாம், உழலாம், விளைவிக்கலாம். அதிகாரியின் எழுத்து மூலமான இசைவின்றிக் கைமாற்றல் ஆகாது. பின்னுரித்தாளர் இன்னார் என்று முறைப்படி பதிந்து வைத்தல் வேண்டும். நிலத்துக்கு உடையவர் அரசினரே. இவற்றை யான் சொல்லி முடித்தபின், பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் உறுதி, உறுதியெண்டு நாங்கள் சொல்லிக்கொண்டு திரிஞ்சது?" என்று கேட்டார்.

யாது விடை கூறுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சென்ற பின்னரும் அந்த வினா செல்லவில்லை. தாள் ஒன்று, அதனைக் கொடுத்தவர் கொண்ட பொருள் ஒன்று, பெற்றவர் கொண்ட பொருள் வேறொன்று. ஒருவர் 'அனுமதி' என்றார். மற்றவர் 'உறுதி' என்று கேட்டார். இந்தச் சிறிய தாளில் நேர்ந்த இதே பிழைதான், கடல் கடந்து வந்த அரசுகளும் அவ்வந் நிலத்துத் தொல்குடிகளும் செய்துகொண்ட பேருடன்படிக்கைகளிலும் நேர்ந்தது. அவற்றால் நாடுகளே கைமாறின. இவ்வாரம் அதனைப் பற்றியே எழுத நினைத்தேன்.

இலக்கணம் பயில்வோர்க்கு உடம்படுமெய் என்பது தெரியும். நிலைமொழி ஈற்றில் ஓர் உயிரும் வருமொழி முதலில் ஓர் உயிரும் நின்றால், அவை தாமே ஒட்டமாட்டா. இடையில் யகரமோ வகரமோ ஆகிய ஒரு மெய் தோன்றி, இரண்டையும் உடம்படுத்தும். மெய் என்பதற்கு உடம்பு என்றும் பொருள். உண்மை என்றும் பொருள். உயிர் இரண்டு உடம்படுவதற்கு இடையில் ஒரு மெய் வேண்டும் என்பது எழுத்துக்கு மட்டும் உரிய விதி அன்று. இரு குடிகள் உடன்படும்போதும் அதுவே விதி. உடன்படிக்கைகளில் கையொப்பம் இருந்தது, முத்திரை இருந்தது, சாட்சி இருந்தது. இடையில் நிற்கவேண்டிய மெய் மட்டும் பலவற்றில் இல்லாமற் போயிற்று.

நம் நாட்டு வரலாற்றிலேயே தொடங்குவோம். 1638ஆம் ஆண்டு மே மாதம் மட்டக்களப்பில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தர் தளபதி வெஸ்டர்வோல்டும் ஓர் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரை ஓட்டுவதற்கு ஒல்லாந்தர் துணை புரிவர். மன்னன் செலவைத் தந்து, விளைபொருளையும் தருவான். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றியும் அதில் ஓர் உறுப்பு இருந்தது. மன்னன் விரும்பினால் மட்டுமே அவ்வாறு வைக்கலாம் என்னும் நிபந்தனை போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது; ஒல்லாந்த மொழிப் படியில் இல்லை.

விடுபட்டது எவ்வளவு? நம் மொழியிற் சொல்வதானால், 'விரும்பின்' என்னும் ஒரே வினையெச்சம். அவ்வெச்சம் இருந்தால் கோட்டை மன்னனுடையது. இல்லையேல் கோட்டை வந்தவனுடையது. 1640இல் காலிக் கோட்டை பிடிபட்டது. 1656இல் கொழும்பும் பிடிபட்டது. இரண்டும் மன்னன் கைக்கு வரவில்லை. போர்த்துக்கேயர் போனார்கள்; ஒல்லாந்தர் இருந்தார்கள். வினையெச்சத்தைப் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று எண்ணும் மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நம் வன்னிக்கு வருவோம். கண்டி மன்னனுக்காவது குறைபட்ட ஓர் உடன்படிக்கை கிடைத்தது. வன்னியர்கள் ஒல்லாந்தர்க்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தும், கொடாது மறுத்தும், தம் நிலத்தைத் தாமே ஆண்டு வந்தார்கள். பின்னர் 1802ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிரான்சு நாட்டின் அமியேன் என்னும் ஊரில், ஐரோப்பிய அரசுகள் கூடி ஒரு சமாதான உடன்படிக்கை எழுதின. இலங்கையில் ஒல்லாந்தர் உடைமையாயிருந்தவை பிரித்தானியர்க்கு உரியன என்று அத்தாள் கூறிற்று. பனங்காமமும் முள்ளியவளையும் கருக்கட்டுமூலையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிப்போயின. அவ்வூர்களைக் கண்டவர் ஒருவரேனும் அந்த மேசையைச் சுற்றி இருந்திருப்பாரா? நிலத்தை உழுதவனுக்கும் செய்தி இல்லை; ஆண்டவனுக்கும் செய்தி இல்லை.

அடுத்த ஆண்டு பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான் என்பதை நாம் வீரக்கதையாகப் போற்றுகின்றோம். போற்றத்தக்கதே. அதனை வேறொரு வகையிலும் நோக்கலாம். தன் பெயரால் எவரும் எழுதாத, தன்னைக் கேளாமல் எழுதப்பட்ட ஒரு தாளுக்கு அவன் கூறிய மறுமொழி அது. 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் திறிபேர்க் அவனை முறியடித்தான். அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லிலும் அவர்கள் மொழியே பொறிக்கப்பட்டது. தாளும் அவர்களுடையது, கல்லும் அவர்களுடையது.

கண்டிக்கு 1815 மார்ச் 2ஆம் நாள் மற்றோர் உடன்படிக்கை வந்தது. பிரதானிகளின் உரிமைகளும், சமயமும், வழக்கங்களும் காக்கப்படும் என்று அது வாக்களித்தது. 1817இல் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டதன் பின், 1818 நவம்பரில் ஆங்கிலத் தேசாதிபதி ஒரு பிரகடனம் வெளியிட்டு, அவ்வுரிமைகளைப் பெரிதும் குறைத்துவிட்டார். இருவர் கூடி எழுதியதை ஒருவர் தனித்து மாற்றினால், அதற்கு உடன்படிக்கை என்ற பெயர் பொருந்துமா? அன்று முதல் அது கட்டளையே.

இனி வருவது 1840ஆம் ஆண்டு. இவ்வாண்டினை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. ஒரே முடியாட்சியின் கீழ், ஒரே ஆண்டில், இரு தீவுகளில் இரு தாள்கள் எழுந்தன.

ஒன்று நியூசிலாந்தின் வைத்தாங்கி உடன்படிக்கை. 1840 பெப்ரவரி 6ஆம் நாள் அது கையொப்பமாகத் தொடங்கிற்று. ஆங்கிலத்தில் எழுதிய வாசகத்தை, என்றி வில்லியம்ஸ் என்னும் பாதிரியாரும் அவர் மகனும் ஓர் இரவுக்குள் மாவோரி மொழிக்கு ஆக்கினார்கள். தமிழிலும் மொழிபெயர்ப்புத் தொழில் செய்வோர் அந்த ஓர் இரவை நினைந்து பார்க்கவேண்டும். ஆங்கிலப் படியின் முதல் உறுப்பு, தலைவர்கள் தம் இறைமை முழுவதையும் இராணிக்குக் கொடுப்பதாகக் கூறியது. மாவோரிப் படியில் இறைமைக்கு இட்ட சொல் 'காவனத்தங்க' என்பது. நாம் 'கவர்னர்' என்று ஒலிப்பதை அவர்கள் 'காவன' என்று ஒலித்து, அதிலிருந்து ஆக்கிய புதுச்சொல் அது; தேசாதிபதியின் நிருவாகம் என்பதே அதன் பொருளாகும். இரண்டாம் உறுப்பிலோ, நிலத்தின் மீதும் ஊரின் மீதும் தாம் அருமையாகப் போற்றும் எல்லாவற்றின் மீதும் தலைவர்களுக்குள்ள முழு ஆட்சியும் நிலைக்கும் என்றிருந்தது. அதற்கு வழங்கிய 'ரங்கத்திரத்தங்க' என்பது தலைமைப்பாடு முழுவதையும் குறிப்பது. எனவே, அவர்கள் கேட்டது இதுவே: வந்தவர் நிருவாகம் செய்க, நிலமும் தலைமையும் நம்முடையன. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தலைவர்கள் மாவோரிப் படியில் ஒப்பமிட்டனர். ஆங்கிலப் படியில் ஒப்பமிட்டோர் நாற்பதின்மருக்கும் குறைவு. ஆயினும் ஆட்சி நடந்தது ஆங்கிலப் படியின்படியே.

மற்றொன்று நம் இலங்கையில் எழுந்தது. அதே 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும், பாழும், ஆளில்லாததும், பயிரில்லாததும் ஆகிய நிலமெல்லாம், மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியன என்று கொள்ளப்படும் என்று விதித்தது. கண்டி மாகாணங்களுக்குப் புறம்பான இடங்களில், சில ஆண்டு இடைவிட்டே பயிர் செய்யத்தக்க சேனை நிலமும் காடாகவோ பாழாகவோ கொள்ளப்பட்டது. அதே ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது என்றது. இரண்டினையும் சேர்த்துப் படித்தால் விளங்கும். ஒன்று 'தாளைக் காட்டு' என்றது. மற்றொன்று 'காட்டாவிடில் நிலம் எமது' என்றது. பாட்டன் வெட்டிய சேனையைப் பேரன் வெட்டும் ஊரில், தாள் எங்கிருந்து வரும்?

இங்கே ஒரு சொல்லை நிறுத்தி நோக்குதல் வேண்டும். அச்சட்டம் 'பாழ்' என்று கருதியதை வன்னியான் பாழ் என்று கருதினானா? காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விளைவித்து, மண் இளைத்ததும் அதனை விட்டு நீங்கி, மீண்டும் காடு பற்றவிடுவது சேனையின் முறை. அவன் கணக்கில் அந்நிலம் ஓய்ந்திருந்தது. தேன் எடுப்பதும், மந்தை மேய்வதும், மூலிகை பறிப்பதும், ஐயனாருக்குப் பொங்கலிடுவதும் அந்தக் காட்டிலேதான். தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழ் மரபு காட்டை முல்லை என்று பெயரிட்டு, அதற்குத் தெய்வமும் தொழிலும் ஒழுக்கமும் வகுத்தது. வறண்ட பாலைக்கும் ஒரு பெயர் உண்டு; ஒரு வாழ்வு உண்டு. ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று ஒரு திணையை நம் இலக்கணம் கண்டதில்லை. கண்டது அயலார் சட்டமே.

இத்தகைய சொல்லால் ஒரு கண்டமே பறிபோனதும் உண்டு. அவுஸ்திரேலியாவில் பிரித்தானியர் தொல்குடிகளோடு உடன்படிக்கையே செய்யவில்லை. உடையவர் இல்லாத நிலம் என்னும் கொள்கையே அங்கு ஆட்சி செய்தது. தொறெஸ் நீரிணையிலுள்ள மேர் என்னும் சிறு தீவின் மக்கள், தம் தோட்டங்களுக்கு எல்லையும் வழியுரிமையும் தொன்றுதொட்டு உண்டு என்று 1982இல் வழக்குத் தொடுத்தனர். முதல்வராக நின்ற எடி மாபோ 1992 சனவரியில் இறந்தார். அதே ஆண்டு யூன் 3ஆம் நாள் உயர்நீதிமன்றம் அக்கொள்கையைத் தள்ளிவிட்டது. நம் தீவின் வேடர்க்கோ, காட்டுவதற்கு உடன்படிக்கையும் இல்லை. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டபோது, தம்பானை வேடர் தம் வேட்டைக் காட்டுக்குள்ளேயே அத்துமீறுவோர் ஆயினர்.

ஒருவர் வினவக்கூடும்: "வலியவன் மீற எண்ணினால், சொல் செம்மையாயிருந்து என்ன பயன்?" நியாயமான வினா. 1868இல் அமெரிக்க அரசு லாறமிக் கோட்டையில் சூ இனத்தாரோடு செய்த உடன்படிக்கை, கருங்குன்றுகளை அவர்களுக்கே விட்டது. 1874இல் அங்கே பொன் உண்டு என்ற செய்தி பரவிற்று. 1877இல் குன்றுகள் பறிக்கப்பட்டன. சொல் அங்கே தெளிவாகத்தான் இருந்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. நூறாண்டு கழித்து, 1980இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வுடன்படிக்கையை எடுத்துவைத்தே, பறித்தது தவறு என்று தீர்ப்பளித்து, பத்துக்கோடி டொலருக்கு மேற்பட்ட ஈடு தரக் கூறியது. சூ மக்கள் அப்பணத்தைத் தொடவில்லை. நிலமே வேண்டும் என்று நிற்கின்றனர். நியூசிலாந்தில் 1975இல் வைத்தாங்கி நியாயசபை அமைந்தது. இரு படிகளின் பொருள் வேறுபாட்டையும் ஆராயும் பொறுப்பு அதற்குத் தரப்பட்டது. 1985 முதல், 1840 வரை பின்சென்று முறைப்பாடுகளைக் கேட்கும் அதிகாரமும் அதற்குக் கிடைத்தது. மாவோரிப் படி அழிந்திருந்தால், அல்லது அதனைப் படிக்கவல்லார் இல்லாதிருந்தால், எதனைக் கொண்டு முறையிடுவது? சொல் வலியவன் கையை உடனே தடுப்பதில்லை. ஆனால் அவன் செய்தது பிழை என்பதற்கு அது சாட்சியாய் நின்று கொண்டிருக்கிறது. சாட்சி சாகாத வரையில் வழக்கும் சாவதில்லை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கோயிலுக்கோ புலவர்க்கோ நிலம் கொடுத்த அரசர், கீழெல்லை மேலெல்லை நான்கும் கூறி, மரமும் கல்லும் வாய்க்காலும் பெயர் சொல்லி, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தனர். கனடாவில் தொல்குடிகளோடு 1871 முதல் உடன்படிக்கைகள் செய்தபோதும், கதிரவன் ஒளிரும் வரை, ஆறு ஓடும் வரை என்ற வாக்கு வழங்கிற்றாம். சூரியனைச் சாட்சி வைப்பது எல்லா நாட்டார்க்கும் பொது. சூரியன் சாட்சி சொல்ல வருவதில்லை, எழுத்துத்தான் வரவேண்டும்.

அந்நியர் போன பின்னர் நிகழ்ந்ததையும் மறைத்தல் ஆகாது. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும், 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்பாடுகள் இரண்டிலும் காணி பற்றிய உறுப்புகள் இருந்தன. முன்னையது அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது; பின்னையதும் நிறைவேறவில்லை. முடிக்குரிய காணி என்பது இன்று அரச காணி எனப்படுகிறது. பெயர் மாறிற்று, 1840இன் எடுகோள் மாறவில்லை. ஆகவே, பெரியவர் மடியிற் கட்டிக்கொண்டு நடந்த தாள் பழங்கதை அன்று.

இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு குற்றம் உண்டு. யான் முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்தவன். செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை எல்லாம் எழுதுவித்தேன். ஓர் அனுமதிப்பத்திரத்துக்குப் பதவுரை எழுதுவித்தேனா? இல்லை. என் மாணவர் பலரின் வீட்டில் உள்ள ஒரே எழுத்தாவணம் அதுவாயிருந்தும், அதனை இலக்கியத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கினேன். அந்தப் பெரியவரின் பேரன் 'உடம்படுமெய்' என்பதற்கு உதாரணம் மூன்று எழுதவல்லவன். தன் பாட்டனின் தாளில் 'அளிப்பு' என்பதும் 'அனுமதி' என்பதும் எவ்வாறு வேறுபடும் என்பதை அவன் அறியான். அறியாமை அவனுடையது, பிழை என்னுடையது.

ஆதலின், இதழை வாசிக்கும் ஆசிரிய நண்பர்க்கு ஒரு விண்ணப்பம். மேல்வகுப்பில் தவணைக்கு ஒரு பாடமேனும் ஓர் ஆவணத்தை வைத்துப் படிப்பியுங்கள். உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, அளிப்போ எதுவாயினும் ஆகுக. உரியவர் பெயரை மறைத்துவிட்டு, சொல்லை மட்டும் ஆராயுங்கள். இலக்கிய வட்டத்தார் தத்தம் ஊர் வாசிகசாலையில் மாதம் ஒருநாள் அமர்ந்து, எழுத்தறியாதார் கொணரும் தாள்களை வாசித்துச் சொல்லுங்கள். பழைய ஓலையுறுதிகளும் தோம்புப் படிகளும் எவர் வீட்டிலேனும் இருந்தால், கறையான் தின்னுமுன் படியெடுத்து வையுங்கள். மொழிபெயர்ப்பில் இறங்கும் இளைஞர்கள், ஓர் இரவுக்குள் முடிக்க வேண்டிய வேலையே ஆயினும், வைத்தாங்கியை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுதுகோலை எடுங்கள்.

இரணை என்றால் இரட்டை. இரு மடுக்கள் அடுத்துக் கிடந்த இடம் என்பது இரணைமடு என்னும் பெயரின் பொருள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அணைதான் இன்று நாம் காணும் ஒரே நீர்ப்பரப்பை ஆக்கிற்று. அணையில் ஒரு சிறு துளை இருந்தால் என்ன நேரும் என்பதைக் கமக்காரனுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லில் விழும் துளையையும் அவ்வாறே அஞ்சக் கற்றுக்கொடுப்பது நம் கடன்.

பெரியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்னுரித்தாளர் பெயரைப் பதிவதற்கான விண்ணப்பத்தை எழுதவேண்டும். பேரனையும் உடன் அழைத்து வரச் சொன்னேன். எழுதுவது அவனாயிருக்கட்டும், யான் அருகிலிருந்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன்.